படிவத்தில் இல்லாத கேள்வி

"ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"கேளு. செய்யறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கறேன்."

"சிகரெட்டை விட்டுடுங்க."

"சரி."

"என்ன, பொசுக்குன்னு சரிங்கறீங்க? ஒரு மணி நேரம் வாதாடறதுக்குத் தயார் பண்ணிட்டு வந்திருக்கேன் நான்."

"அதை வேற எதுக்காவது வெச்சுக்கோ. ஆனா ஒண்ணு. வாழ்நாள் பூராவுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். உன்னோடது முடிஞ்சுது. என்னோடது அப்படியே இருக்கு."

"உங்களோடது என்ன?"

"இப்ப இல்ல. தேவைப்படறப்போ கேட்கறேன். அப்புறம், பதினைஞ்சு நாளைக்கு என்னைப் பார்க்க வராதே. போனும் பண்ணாதே. அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றப்போ சிகரெட் இருக்காது."

எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, பேருந்து நிறுத்தத்து இரும்பு இருக்கையில் உட்கார்ந்து நானும் அவரும் பேசியது இது. பேசி முடித்ததும் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். போட்டுவிட்டு, ரயிலேறிப் போகிறவரை வழியனுப்புவதுபோல அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

சொன்னபடி பதினைந்தாம் நாள் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பையில் சிகரெட் இல்லை. அதற்குப் பதிலாக, மெல்லுவதற்கு நிகோட்டின் கம் ஓர் அட்டை. "தம் போச்சு, தம்பி வந்தாச்சு" என்று காட்டினார். அந்தத் தம்பி பதினோரு வருடம் எங்களோடு குடித்தனம் நடத்தினான்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். மருத்துவர்களின் கிறுக்கலைப் படித்து மருந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. கம்மை மாதாமாதம் வாங்கி வருவதும் நான்தான். சில மாதங்களில் குறைத்து நிறுத்திவிட வேண்டும் என்று அட்டைக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவேன். வீட்டில் காட்டியதில்லை. 'இதையும் விட்டுடுங்களேன்' என்பது எத்தனையோ முறை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. ஆனால் என்னுடையதுதான் முடிந்துவிட்டதே. விளையாட்டாகச் சொன்னது எப்படியோ எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஜன்னலுக்குப் புதுத் திரை வேண்டும் என்றால்கூட, "மேடம், உங்க ஒண்ணு எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்பார். மறுநாள் வாங்கியும் வந்துவிடுவார். "உங்களோடதையும் கேட்டுத் தொலைங்களேன்" என்பேன். "அவ்வளவு கஷ்டம் இன்னும் வரல" என்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டின் சுவரில் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு நிமிடம் பார்ப்பார். கதவு திறக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு வாசலில் கதை பேசுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. "ஒருத்தர் பட்டனை அமுக்கிட்டு நின்னா ஒன்பது மாடியும் நிக்கும். உங்க கதையை வெளியில வெச்சுக்கோங்க" என்று முன்பின் தெரியாதவர்களிடமே சொல்லிவிடுவார். எனக்குத்தான் மானம் போகும்.

இந்த முறை வம்பு லிஃப்ட் குழியில் காத்திருந்தது. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி வேலை செய்தபோது, பழைய பலகை ஒன்றில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, காலணியைத் துளைத்து வலது குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து, காலைத் தரையில் வைக்கவே முடியவில்லை. கிருமி எலும்புக்குள் இறங்கியிருந்தது. சீழை எடுத்துப் பரிசோதித்ததில், மற்ற மருந்துகளுக்கெல்லாம் அந்தக் கிருமி அசையவில்லை. ஜென்டாமைசின் ஒன்றுக்குத்தான் அடங்கியது.

"நாலு வாரம், தினமும் ஊசி" என்றார் டாக்டரம்மா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தவர், எதையும் சுற்றிவளைக்காமல் பேசுகிறவர். "இது நல்ல மருந்து, ஆனா சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீரகம் கெட்டா ரத்தத்துல கிரியாட்டினின் ஏறும், அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ரொம்ப ஏறினா நிறுத்தியாகணும்."

"நிறுத்திட்டா?"

"குதிகால் எலும்புல ஒரு பகுதியை எடுக்கவேண்டி வரலாம். ஏணி ஏறுற வேலை அப்புறம் முடியாது."

அன்று ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பியது நான். சாப்பிடும் மருந்துகள் எவை என்று கேட்டிருந்தது. அதற்காகவே வீட்டு மருந்துப் பெட்டியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். கடைக்காரி இல்லையா? ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்து முத்து முத்தாக எழுதினேன். ரத்த அழுத்த மாத்திரை, வைட்டமின், இருமல் மருந்து. புகை பிடிப்பவரா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டு, பக்கத்தில் 'பதினோரு வருடங்களாக' என்றும் சேர்த்தேன். அதை எழுதும்போது பதக்கம் வாங்குகிற மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் கம் மருந்துப் பெட்டியில் இருப்பதில்லை. கதவருகே, சாவி போடும் கிண்ணத்தில் இருக்கும்.

முதல் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு 0.9. ஐந்தாம் நாள் 1.2. ஒன்பதாம் நாள் 1.5. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். வலி மாத்திரை ஏதாவது? இல்லை. நாட்டு மருந்து, பொடி, கஷாயம்? இல்லை. தண்ணீர் குடிக்கிறாரா? அதில்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க தண்ணியே குடிக்கறதில்ல. அதான்."

"குடிக்கறேம்மா. பாட்டிலைப் பாரு, காலி."

"செடிக்கு ஊத்தியிருப்பீங்க."

"ஆமா, ஆஸ்பத்திரில தோட்டம் போட்டிருக்கேன்" என்றார். அதன்பின் வீட்டில் நான் எதிரே நின்று டம்ளர் டம்ளராகக் குடிக்க வைத்தேன். பன்னிரண்டாம் நாள் 1.8 ஆனது.

தினமும் வீட்டிலிருந்து போய்வந்த ஊசிக்கூடம் நாலாவது மாடியில். ஒரே மாதிரி பச்சை நாற்காலிகள் எட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கம்பி, அதில் தொங்கும் பை. அங்கே இருந்த நர்ஸ் அம்மாவுக்கு என் கணவர் வைத்த பெயர் கர்னல். அந்த அம்மா நடந்து வந்தால் நோயாளிகள் தாமாகவே கையை நீட்டுவார்கள். பன்னிரண்டாம் நாள், அந்த எண்ணைக் கேட்டுவிட்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கர்னல் ஊசிக்குழாயைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் தாடைக்கு லீவே கிடையாதா? வந்ததுலேர்ந்து போறவரைக்கும் மென்னுக்கிட்டே இருக்கார். அப்படி என்ன மிட்டாய் அது? எனக்கும் ஒண்ணு தரச் சொல்லுங்க."

"அது மிட்டாய் இல்லீங்க, அது வந்து…"

பதினோரு வருடம் வீட்டுச் சொல்லாகவே இருந்த ஒன்றை, அப்போதுதான் கடையில் நிற்கிறவளாக நினைத்துப் பார்த்தேன். அது மருந்து. அதில் இருப்பது நிகோட்டின்.

"ஒரு நாளைக்கு எத்தனை மெல்றீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"எப்பவும் போல ஆறு."

"நிஜமா?"

கூரையைப் பார்த்தார். "இங்க ரெண்டு மணி நேரம் சும்மா உட்காரணும். கால் என்ன ஆகுமோன்னு ஒரே யோசனை. ஒரு பதினஞ்சு ஆகும்."

நானே போய் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினேன். கம்மைப் பற்றிச் சொன்னேன். "படிவத்துல சிகரெட்டைத்தான் கேட்டிருந்தாங்க டாக்டர். நான் மருந்துக்கடையில வேலை பார்க்கறவ. எனக்கே தோணலை."

அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். பிறகு என் கணவரையும் சக்கர நாற்காலியில் வரவழைத்தார்.

"இந்த ஊசி மருந்து சிறுநீரகத்துல தங்கித் தங்கித்தான் வெளியே போகும். அங்க இருக்கற செல்லுங்களை அரிக்கும். நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தானும் கொஞ்சம் அரிக்கும். எலிகளை வெச்சுச் செஞ்ச ஆராய்ச்சிகள்ல, இந்த மாதிரி மருந்தோட நிகோட்டினும் சேர்ந்தப்போ, மருந்து மட்டும் போன எலிகளைவிட சிறுநீரகம் மோசமாயிருக்கு. மனுஷங்ககிட்டயும் அப்படித்தானான்னு அடிச்சுச் சொல்ல இன்னும் ஆதாரம் பத்தாது."

"அப்ப இதுதான் காரணம்னு சொல்ல முடியாதா டாக்டர்?" என்றார் இவர், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"முடியாது. மருந்து தனியாவே இதைச் செய்யக்கூடியதுதான். உங்க கம்மைக் குற்றவாளின்னு நான் சொல்லல. கூட்டாளியா இருக்கலாம்னு சொல்றேன். சிகரெட்டோட பார்த்தா அது எவ்வளவோ தேவலாம், அதுவும் நிஜம். ஆனா இப்ப நம்ம கையில எதை எடுத்துப் போட முடியுமோ அதை எடுத்துப் போடணும். மூணு நாள் மருந்தை நிறுத்தி, வெறும் சலைன் ஏத்தறேன். நீங்க கம்மை நிறுத்துங்க. சிகரெட் பக்கமும் போகக் கூடாது. நாலாம் நாள் ரத்தம் பார்ப்போம். இறங்கினா, அளவை மாத்தித் தொடரலாம். இறங்கலைன்னா, எலும்பு டாக்டர்கிட்ட பேசியாகணும்."

"சரி டாக்டர். விட்டாச்சு" என்றார்.

அந்த 'சரி'யை எனக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் கேட்ட அதே 'சரி'.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்திலிருந்த அட்டைகளையெல்லாம் எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு கண்ணைப் பார்க்காமல், "நீ ஒரு வாரம் உங்க அண்ணன் வீட்டுல இருந்துட்டு வாயேன்" என்றார்.

"இந்தக் காலோட உங்களை விட்டுட்டா?"

"ஊன்றுகோல் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு நம்ம கம்பெனி வண்டி வரும். நீ அங்க வந்து பாரு, போதும்."

"இதுதான் உங்க வேண்டுகோளா?"

"சேச்சே. அதை இதுக்கெல்லாம் செலவழிப்பேனா? சும்மா சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் கவனக்குறைவால் வந்தது இது. என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதுவும் ஒரு வேண்டுகோள்தானே. வீம்பில் பெட்டியைக் கட்டினேன். இரண்டு நாளுக்குச் சமைத்து, டப்பாக்களில் போட்டு, மேலே நேரத்தை எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணன் வீட்டிலிருந்து மறுநாள் அண்ணிக்குப் போன் செய்தேன். அவருடைய அக்காவைத்தான் நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தம்பியை அவர் ஏணி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏணி உன்னை அனுப்பிட்டானா?" என்று கேட்டார் அண்ணி. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். பதினோரு வருஷம் காப்பாத்தினேன், போதும். அன்னிக்கு இங்க வந்தான் பார், அந்தப் பதினைஞ்சு நாளும் மனுஷனா இல்லம்மா. அலமாரிக் கதவைக் குத்தி உடைச்சான். என்னை வாய்க்கு வந்தபடி பேசினான். அப்புறம் குளியலறைத் தரையில உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். 'இதை அவ பார்த்தா என்னைக் கட்டிக்க மாட்டா அக்கா'ன்னான். எட்டாம் நாள் நான்தான் கடைக்குப் போய் அந்தக் கம்மை வாங்கிட்டு வந்து கையில திணிச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி."

"எப்படிச் சொல்வான்? உன் முன்னாடி அவன் எதையும் பொசுக்குன்னு விட்டுடற ஆம்பளை. நீயும் அப்படித்தானே நம்பினே? இங்க பாரு, நான் சொன்னேன்னு காட்டிக்காதே."

காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிரவெல்லாம் அந்த 'சரி' காதிலேயே இருந்தது. அவர் சுலபமாகச் செய்தார் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! அந்தப் பெருமைதான் அவர் வாயைக் கட்டியிருக்கிறது.

மூன்று நாளும் ஊசிக்கூடத்தில் அவரைப் பார்த்தேன். மழமழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். புகைப்படத்துக்கு உட்கார்ந்தவர்போல ஒரே சிரிப்பு. "கஷ்டமா இருக்கா?" என்றால், "ஒண்ணுமே இல்ல. சும்மாவே விட்டிருக்கலாம் போல" என்பார். கையை மட்டும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருப்பார். நடுக்கம் தெரியக் கூடாதென்று.

மூன்றாம் நாள் கர்னல் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நீங்க தினம் பத்து மணிக்கு வர்றீங்க. அவர் ஒன்பதுக்கே வந்துடறார். அந்த ஒரு மணி நேரம் நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். நேத்து பக்கத்து நாற்காலிக்காரர் தொண்டையைக் கனைச்சதுக்கு ஒரு சண்டை. இன்னிக்கு என்னை 'போய்யா'ன்னார். என்னைப் போய் 'போய்யா'ங்கறார்! அப்புறம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணைத் துடைச்சுக்கறார். நீங்க லிஃப்டுலேர்ந்து வெளியே வர்ற சத்தம் கேட்டதும் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கறார். கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு?"

"பதினோரு வருஷம்."

"இன்னும் மாப்பிள்ளையாவே இருக்கார் பாவம். கொஞ்சம் புருஷனா இருக்கச் சொல்லுங்க."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். கர்னல் பஞ்சை நீட்டினார்.

நாலாம் நாள் காலை ரத்தம் எடுத்தார்கள். பதினோரு மணிக்கு டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் கை அவர் நாற்காலியின் பிடியில் இருந்தது. அவர் கை வழக்கம்போல் தொடைக்கடியில்.

"1.4" என்றார் டாக்டரம்மா. "இறங்கியிருக்கு."

அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மருந்தை நிறுத்தினது உதவிச்சுதா, சலைனா, கம்மை விட்டதா, பிரிச்சுச் சொல்ல முடியாது. எனக்கு அது தேவையும் இல்ல. நாளைலேர்ந்து குறைஞ்ச அளவுல, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னும் பதினாறு நாள் பாக்கி இருக்கு. அந்தப் பதினாறு நாளும் நிகோட்டின் கிட்டயே போகக் கூடாது. அதுக்கப்புறமும் இந்தச் சிறுநீரகம் முழுசாத் தேறணும், அதனால திரும்பப் போகாம இருந்தா நல்லது. தனியாச் சமாளிக்க முடியலைன்னா சொல்லுங்க, ஆலோசனைக்கு ஆள் இருக்காங்க. முடியுமில்ல?"

"முடி…" என்று தொடங்கினார். அந்தப் பொசுக்கென்ற 'சரி' இந்த முறை வரவில்லை. "பார்க்கறேன் டாக்டர்" என்றார்.

பதினாறு நாள். மூன்று நாளைச் சவரம் செய்து மறைத்துவிடலாம். பதினாறை எப்படி மறைப்பது? அவர் அதைத்தான் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஊன்றுகோலை ஊன்றி வராந்தாவில் நடந்தபோது நெற்றியில் வியர்வை நின்றது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பழக்கத்தில் கை போகிறது என்று நினைத்தேன். ஆனால் பைக்குள்ளிருந்து ஓர் அட்டை வந்தது. பாதி கிழிந்த, பழைய கம் அட்டை. அதில் ஒரே ஒரு கம் பிரிக்காமல் இருந்தது.

"வண்டி இடுக்குல கிடந்தது. முந்தாநாள் எடுத்தேன்" என்றார். "பிரிக்கல. ஆனா வெச்சுக்கிட்டே இருந்தேன்."

கையை நீட்டினேன். கொடுக்க ஐந்தாறு நொடி ஆனது. விரல்கள் குளிர்ந்திருந்தன.

லிஃப்ட் வந்தது. உள்ளே யாருமில்லை. ஏறினோம். சுவரில் உள்ளங்கையை வைக்கவில்லை அவர். லிஃப்டின் சத்தத்தைக்கூடக் கவனிக்கவில்லை.

"உங்க அண்ணன் கீழே காரோட நிக்கறாரா?"

"நிக்கறார்."

"எவ்வளவு நேரமா?"

"அரை மணி நேரமா."

தரைத்தளத்தில் லிஃப்ட் நின்று கதவு திறந்தது. எதிரே கண்ணாடிக்கு வெளியே அண்ணனின் கார் தெரிந்தது. பின்னிருக்கையில் என் பெட்டி இருந்தது. அவர் எங்கே போகச் சொல்வாரோ என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அதைக் காரிலேயே வைத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டால் இறக்கிவிடலாம். கேட்பது நானாக இருந்தால், "எனக்கொண்ணும் இல்ல, நீ போ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அண்ணி என்னிடம் சொல்லிவிட்டதும் அவருக்குத் தெரிந்துவிடும். நான் லிஃப்டுக்குள்ளேயே நின்றேன்.

அவரும் வெளியே வரவில்லை. கதவு மூடத் தொடங்கியது. அவர் கையை நீட்டி, திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். கதவு பின்வாங்கியது. மறுபடி மூட வந்தது. மறுபடி அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை. மேலே எந்த மாடியிலோ யாரோ லிஃப்டுக்காகக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒன்பது மாடியும் நிக்குது" என்றேன், மெதுவாக.

"நிக்கட்டும்."

பொத்தானை அழுத்திய விரல் நடுங்கியது. முதன்முறையாக அதை அவர் மறைக்கவில்லை.

"என்னோடது ஒண்ணு இன்னும் இருக்கில்ல?"

"இருக்கு."

"அக்கா வீட்டுக்குப் போனப்பவே கேட்டிருக்கணும். அப்ப உன்கிட்ட கேட்க பயமா இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போச்சு."

"இப்ப கேளுங்க."

என்னைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டைக்கு மேலே, தூங்காத கண்கள்.

"வீட்டுக்கு வா. நான் கத்துவேன், எதையாவது உடைப்பேன், அழுவேன். நீ இதுவரைக்கும் பார்க்காத ஒருத்தன் இருப்பான் அங்க. அவனைப் பார்த்துட்டும், போகாம என்கூடவே இரு."